முதல் படம் காயும் நேரத்தில்

(பொங்கல் விழாவன்று நம் சமுதாயக் கூடத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)

 

செயலாளர் சார் என்னை ‘ஓவியக் கலைஞர்’ என்று அறிமுகப்படுத்தினார். இந்தக் குடியிருப்பில் பெரும்பாலானவர்களுக்கு நான் ‘டிராயிங் மிஸ்’தான். 31 வருடம் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு 2018-இல் ஓய்வு பெற்றேன். அந்தப் பெயரே எனக்குப் போதும்.

ஜன்னல் ஓரத்து மேசையில் என் படங்களை வைத்திருக்கிறேன். உள்ளே வரும்போதே பலர் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 24 படங்கள். இரண்டிரண்டாக 12 ஜோடி. எல்லாம் ஏறக்குறைய போஸ்ட்கார்டு அளவுதான். காலையிலிருந்து இவற்றைப் பார்த்தவர்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். “ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?” இது முதல் கேள்வி. “ஏன் எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு? இதுல எது ஒரிஜினல், எது காப்பி?” இது இரண்டாவது. மூன்றாவது ஏ பிளாக் குட்டிப்பையன் கேட்டது. “ஆன்ட்டி, இதுல ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கணுமா?”

மூன்றுமே நல்ல கேள்விகள். வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

ஏன் சிறியது?

என் மாமியாரை உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். மாலையில் பிள்ளையார் சன்னதிக்குப் பக்கத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கீரைக்காரம்மாவிடம் இந்தக் கட்டடம் முழுவதுக்கும் சேர்த்துப் பேரம் பேசியவர். 2019-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரியும். பதில் சொல்ல வார்த்தை வராது.

வீட்டில் படுக்கையிலேயே இருப்பவரைக் கவனித்துக்கொண்டவர்கள் இந்தக் கூடத்திலும் இருக்கிறீர்கள். அந்த நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். மருந்து, கஞ்சி, துடைத்துவிடுவது, துணி மாற்றுவது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நடுவில் கிடைப்பது இருபது நிமிடம், அரை மணி. ஓய்வு பெற்ற பிறகு பெரிதாக வரையலாம் என்று வாங்கிவைத்த கான்வாஸ்கள் லாஃப்ட்டில் ஏறிவிட்டன. இரண்டு படுக்கையறை வீட்டில் ஈசல் விரித்துவைத்தால் வீல்சேர் திரும்ப இடமிருக்காது.

அப்போதுதான் தாளை வெட்டினேன். வாட்டர்கலருக்கென்று விற்கும் கெட்டித்தாள் முழுசாக 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் இருக்கும். குறுக்கே நான்கு, நெடுக்கே எட்டு என்று கிழித்தால் 32 துண்டு. ஒரு துண்டு நம் உள்ளங்கையில் அடங்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் 32 துண்டுகள், ஒரு பிரஷ், அஞ்சு கலர் வைத்த சின்னப் பெட்டி, தண்ணீருக்கு ஒரு டம்ளர். டப்பா சமையல் மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருந்தது. பால் பொங்குவதற்குள் எடுத்துவைத்து, அத்தை கூப்பிடுவதற்குள் மூடிவிடலாம். கூப்பிடுவது என்றால், கட்டில் கம்பியில் இடது கையால் தட்டுவார்.

ஆக, சின்னதாக வரைவது நான் யோசித்து எடுத்த கலைக் கொள்கை ஒன்றுமில்லை. இருந்த இடத்துக்கும் இருந்த நேரத்துக்கும் அந்த அளவுதான் பொருந்தியது.

ஏன் இரண்டு?

இதற்கும் காரணம் எளிமையானது. வாட்டர்கலரில் முதல் பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு போட முடியும். ஈரத்தின்மேல் கை வைத்தால் கலர் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். சில சமயம் அது அழகு. பல சமயம் குழப்பம். மே மாதத்தில் ஃபேனுக்குக் கீழே வைத்தால் அஞ்சு நிமிடத்தில் காய்ந்துவிடும். நவம்பர் மழையில் கால் மணி நேரமானாலும் தாள் சில்லென்றுதான் இருக்கும். கிடைத்ததே இருபது நிமிடம். அதில் பாதியைக் காய்வதற்கு எப்படிக் கொடுப்பது? முதல் துண்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு இரண்டாவது துண்டை எடுத்தேன்.

பேலட்டில் முதல் படத்துக்குக் கலந்த கலர் மீதி இருக்கும். நல்ல கலரைக் கழுவி ஊற்ற மனசு வராது. அதே கலவையில்தான் இரண்டாவது படம் தொடங்கும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செங்காவிப் பழுப்பையும் கலந்தால் ஒரு சாம்பல் கலர் வரும். மழை மேகம், காக்காயின் கழுத்து, மொட்டைமாடித் தரை எல்லாவற்றுக்கும் அது போதும். நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஒரு மாதிரி, பழுப்பு தூக்கலாக இருந்தால் வேறு மாதிரி. அன்றைக்குக் கலந்த சாம்பல் மறுநாள் அப்படியே வராது. அதனால் ஒரே உட்காரலில் போட்ட இரண்டு படங்களுக்கு மட்டும் அந்த ஒற்றுமை இருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ‘இவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க’ என்று தெரியும்.

ஒரிஜினல், காப்பி என்ற கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. முதல் படம் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அது என் கண்ணில் படாது. அதைப் பார்த்து நான் இரண்டாவதை வரையவில்லை. எதை வரைந்தேனோ அதைத்தான் மறுபடி பார்க்கிறேன். அதற்குள் அந்தப் பொருளே மாறியிருக்கும்.

மேசையில் வலது கோடியில் இருக்கும் ஜோடியைப் பாருங்கள். முதல் படத்தில் கேட் அருகே நீல பிளாஸ்டிக் நாற்காலியில் நம் வாட்ச்மேன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதைத் தொடங்கும்போது தண்ணீர் லாரி வந்துவிட்டது. கேட்டைத் திறக்கப் போய்விட்டார். நாற்காலியும் அதன்மேல் அவருடைய துண்டும்தான் இருக்கின்றன. அதற்குப் பக்கத்து ஜோடியில் சி பிளாக் மொட்டைமாடிக் கொடியில் துணி காய்கிறது. இரண்டாவதில் தூறல் விழுந்து யாரோ ஓடிவந்து துணியை எடுத்துப் போய்விட்டார்கள். கொடியில் கிளிப் மட்டும் வரிசையாக நிற்கிறது. இதையெல்லாம் நான் திட்டம் போட்டு வரையவில்லை. படம் காய எடுத்துக்கொண்ட நேரத்தில் நடந்தவை அவை.

குட்டிப்பையனுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் வரும் ‘ஆறு வித்தியாசங்கள்’ புதிரில் வித்தியாசங்களை ஒருவர் வேண்டுமென்றே ஒளித்துவைப்பார். இதில் யாரும் ஒளித்துவைக்கவில்லை கண்ணா. ஆறும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். எல்லா வித்தியாசத்துக்கும் ஒரே காரணம்தான். நடுவில் பத்து நிமிடம் போயிருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் மொனே 1890-91-இல் தன் வீட்டருகே இருந்த வைக்கோற்போர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். வெளிச்சம் மாற மாற, ஒரு கான்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அவருக்கு ஒரு பெரிய வயலும் நிறைய கான்வாஸும் இருந்தன. எனக்கு சமையலறை ஜன்னலும் இரண்டு துண்டுத் தாளும். ஆனால் அவர் கவனித்ததும் நான் கவனிப்பதும் ஒன்றுதான். நாம் ‘அதே இடம்’ என்று சொல்லும் இடம் பத்து நிமிடத்தில் அதே இடமாக இருப்பதில்லை.

முதல் தோசையா, இரண்டாவது தோசையா?

இதைச் சொன்னதும் எங்கள் எதிர்வீட்டு மேடம், “அப்போ முதல் படம் முதல் தோசை மாதிரி, கல்லு பழகுறதுக்கா?” என்று கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அப்படி அமையவில்லை. இரண்டாவதில் கை பழகியிருக்கும், உண்மைதான். பழகிய கை கொஞ்சம் சாமர்த்தியமும் காட்டும். முதலாவதில் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தில்தான் சில சமயம் உயிர் இருக்கும். எது உசத்தி என்று தீர்ப்பு சொல்லாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஜோடியின் வசதி.

ஒற்றைப் படம் வரைகிறவருக்கு ஒரு பாரம் உண்டு. பார்த்தது எல்லாவற்றையும் அந்த ஒரே படம் சொல்லிவிட வேண்டும். ஜோடியில் அந்தப் பாரம் பாதியாகிவிடுகிறது. முதல் படத்தில் விட்டதை இரண்டாவது பார்த்துக்கொள்ளும். இரண்டாவதும் விட்டுவிட்டால், பார்க்கிறவர் பார்த்துக்கொள்வார்.

நம் திருக்குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடி. ஆனால் இரண்டும் சமமில்லை. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. மிருதங்கத்துக்கும் இரண்டு முகம். வலந்தலை ஒரு நாதம், தொப்பி ஒரு நாதம். இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் வாசிக்கிறவருக்கு ஒரு கை வேலையில்லாமல் போய்விடும். ஜோடி என்றால் இரட்டைப் பிறவிபோல அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு ஒன்று காது கொடுத்தால் போதும்.

‘சும்மா’ போட்ட படம்

இன்னொரு கேள்வியை யாரும் நேரடியாகக் கேட்கவில்லை. முகத்தில் தெரிந்தது. “இதெல்லாம் சும்மா போட்டதுதானே?”

ஆமாம், சும்மா போட்டதுதான். பென்சிலில் முன்கூட்டிக் கோடு போடுவதில்லை. தப்பாக விழுந்த கலரைச் சுரண்டுவதில்லை. ஒரு படத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுப்பதில்லை. ஆனால் ‘சும்மா’ என்பதற்கும் ‘ஏனோதானோ’ என்பதற்கும் நம் ஊரில் எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும். தரைத்தளத்துப் பாட்டி தினமும் காலையில் வாசலில் கோலம் போடுகிறார். ஒன்பது மணிக்குள் நம் பைக்குகளும் செருப்புகளும் அதை அழித்துவிடுகின்றன. அவர் அதைப் போட்டோ எடுத்துவைப்பதில்லை, கண்காட்சி வைப்பதில்லை. ஆனால் ஒரு புள்ளி தவறினால் விரலால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். அது ‘சீரியஸான’ கலையா என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. எனக்கு அந்த ‘சும்மா’தான் வேண்டும். நாளைக்கும் போடலாம் என்ற தைரியத்தில் இன்றைக்குப் போடுவது.

அத்தையின் இடது கை

இப்போது, இந்தப் படங்கள் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும்.

அத்தை வாழ்நாள் முழுக்க முடிவெடுத்துப் பழகியவர். வீட்டில் என்ன காய், யாருக்கு எந்தப் புடவை, எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது, எல்லாம் அவர் சொல்தான். எனக்கும் அவருக்கும் அதில் உரசல் இருந்ததும் உண்டு. பக்கவாதம் வந்த பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அன்பில்லாமல் இல்லை. பதில் வராது என்பதால் கேள்வியும் நின்றுவிட்டது. “அத்தை, சாப்பிடலாமா?” என்போம். பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்பூனை நீட்டுவோம்.

ஒரு நாள் மத்தியானம் இரண்டு படங்களும் காய்ந்ததும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் எடுத்துப் போனேன். சும்மா காட்டலாம் என்றுதான். இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, “இதுல எது அத்தை நல்லா இருக்கு?” என்றேன். அவர் ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். மறுபடி முதலாவதைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி என் வலது கையில் இருந்ததைத் தொட்டார்.

ஒற்றைப் படத்தைக் காட்டி “எப்படி இருக்கு?” என்று கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. அதற்கு வார்த்தை வேண்டும். இரண்டைக் காட்டி “எது?” என்று கேட்டால் ஒரு விரல் போதும்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. 2022-இல் அவர் காலமாகும்வரை ஏறக்குறைய தினமும் மூன்று மணிக்கு. அவர் தொட்ட படத்தின் பின்னால் தேதியும் ஒரு பென்சில் புள்ளியும் வைப்பேன். சில நாள் இரண்டையும் தள்ளிவிடுவார். அன்றைக்கு வலி அதிகம் என்று எனக்குப் புரியும். ஒரு நாள் இரண்டையும் வாங்கி மார்மேல் வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. கொடுக்காப்புளி மரத்தில் கிளிகள் வந்திருந்ததை வரைந்த ஜோடி அது. அவர் பிறந்த ஊர் வீட்டுக் கொல்லையில் கொடுக்காப்புளி மரம் இருந்தது என்று என் கணவர் பிறகு சொன்னார்.

இந்த வழக்கம் படத்தோடு நிற்கவில்லை. ‘இரண்டைக் காட்டிக் கேட்பது’ வீட்டுக்குள் பரவியது. காலையில் இரண்டு நைட்டி எடுத்துக் காட்டினோம். சாப்பாட்டுக்கு முன் ரசக் கிண்ணத்தையும் மோர்க் கிண்ணத்தையும் காட்டினோம். என் மகன் செல்போனில் இரண்டு பாட்டைக் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக் காட்டி “எது பாட்டி?” என்றான். அவர் மறுபடியும் வீட்டில் முடிவெடுக்க ஆரம்பித்தார். சில சமயம் இரண்டுமே பிடிக்காமல் முகத்தைச் சுளிப்பார். அப்போது பழைய அத்தையைப் பார்த்த மாதிரி இருக்கும்.

வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இதை மட்டும் சொல்வேன். ஓவியம் வேண்டாம், இரண்டு வாழைப்பழம் போதும். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அரை நிமிடம் ஆகலாம். அந்த அரை நிமிடத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

ஓவிய விஷயத்திலும் அவரிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். புள்ளி வைத்த படங்களை ஒரு பக்கமும் வைக்காதவற்றை இன்னொரு பக்கமும் அடுக்கிப் பார்த்தேன். முதல் படம், இரண்டாவது படம் என்ற கணக்கில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. ஆனால் பெரும்பாலும் அவர் தொட்டது, நான் சீக்கிரம் நிறுத்திய படம். வெள்ளைத் தாள் கொஞ்சம் மீதி இருந்த படம். 31 வருடம் பிள்ளைகளிடம் “எங்கே நிறுத்தணும்னு தெரியணும்” என்று சொன்னவள் நான். அது எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டியவர் அத்தை.

அந்தப் படங்கள் இந்த மேசையில் இல்லை. அவை வீட்டில் இருக்கின்றன. இங்கே இருப்பவை அதற்குப் பிறகு வரைந்தவை.

நடுவில் இருக்கும் இடைவெளி

ஜோடிப் படங்களை உலகத்தில் நான் ஒருத்தி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உஃபிஸி என்று ஓர் அருங்காட்சியகம். அங்கே 15-ஆம் நூற்றாண்டில் பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த ஒரு ஜோடி இருக்கிறது. நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். உர்பினோவை ஆண்ட ஃபெடெரிகோ ஒரு பலகையில், அவர் மனைவி பட்டிஸ்டா இன்னொரு பலகையில். ஒவ்வொன்றும் 47 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம். நம் வீட்டுச் சுவரில் மாட்டும் சாமி படம் அளவுதான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். பின்னால் தெரியும் மலையும் சமவெளியும் இருவருக்கும் பொது. நடுவில் சட்டம் மட்டும் குறுக்கே நிற்கிறது. பட்டிஸ்டா 1472-இல் இறந்துபோனார். அவர் படம் அதற்குப் பிறகே வரையப்பட்டது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால் அந்தச் சட்டத்துக்கு ஒரு பக்கம் உயிரோடு இருப்பவர், மறுபக்கம் போய்விட்டவர். ஆனாலும் பார்வை விலகவில்லை.

இன்னொன்று, ஹாலந்தில் ரெம்பிராண்ட் 1634-இல் வரைந்த மார்ட்டென், ஓப்யென் என்ற கணவன் மனைவி. இவை ஆளுயரத்துக்கும் பெரிய இரண்டு தனிப் படங்கள். 2016-இல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகமும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் சேர்ந்து 16 கோடி யூரோவுக்கு வாங்கின. காசைச் சரிபாதியாகப் போட்டார்கள். ஊருக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இரண்டையும் எப்போதும் சேர்த்தே வைப்பது, இரண்டு ஊரிலும் மாறி மாறிக் காட்டுவது என்று ஏற்பாடு. ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்பதற்கு இரண்டு நாடுகள் அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கின்றன.

பிரிந்து போன ஜோடிகள்

நான் செய்வது அதற்கு நேர்மாறு. நான் பிரிக்கிறேன்.

வாடகை வீடுகள் பாதிக்குப் பாதி இருக்கும் குடியிருப்பு இது. ஆட்கள் வருவார்கள், போவார்கள். மூன்று வருடம் பக்கத்து வீட்டில் இருந்து, நடுராத்திரியில் அத்தையைத் தூக்க ஓடிவந்து உதவிய குடும்பம், ஒரு சனிக்கிழமை லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விடும். “டச்ல இருக்கலாம்” என்போம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர்கள் எண் வெளியேறும். அவ்வளவுதான்.

அந்தக் குடும்பம் போகும்போது ஒரு ஜோடியில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தேன். மற்றது என்னிடம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைபாதையில் கதவுக் கைப்பிடியில் பால் பை தொங்கும் படம் அது. அவர்கள் எடுத்துப்போனதில் பையில் பால் இருக்கிறது. என்னுடையதில் பை காலி. புது வீட்டில் மாட்டிவிட்டு போட்டோ அனுப்பியிருந்தார்கள். அதை என் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தச் சாம்பல் கலர் மாறாமல் இருந்தது. ஐநூறு கிலோமீட்டர் தூரமும் ஒரு சட்டம் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இதுவரை ஒன்பது ஜோடிகளைப் பிரித்திருக்கிறேன். ஒன்று துபாயில் இருக்கிறது. ஒன்று, கொடுத்த மறுமாதமே வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டதாம். பரவாயில்லை. மறுபாதி என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது தொலைந்ததும் ஞாபகம் வரும். அது தனிப் படமாக இருந்திருந்தால் தொலைந்தது தொலைந்ததுதான்.

ஒரு வேண்டுகோள்

மேசையில் இருக்கும் 12 ஜோடிகளும் உங்களுக்குத்தான். விலை எதுவும் இல்லை. ஒரு நிபந்தனை உண்டு. ஒரு ஜோடி ஒரே வீட்டுக்குப் போகக் கூடாது. நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை, இந்தக் கட்டடத்தில் நீங்கள் இதுவரை பேசியே இராத ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். நம்மிடம் 96 வீடுகள் இருக்கின்றன. லிஃப்டில் முகம் பார்த்துத் தலையாட்டுகிறோம், பெயர் தெரியாது. பார்க்கிங் தகராறில்தான் சிலருடைய பெயர் நமக்குத் தெரியவருகிறது. அதற்கு முன்னால் இப்படி ஒரு காரணத்துக்காகக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். “இதுல எது உங்களுக்கு வேணும்?” என்று இரண்டையும் காட்டி, அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. மிச்சமானது உங்களுக்கு.

24 வீட்டுச் சுவரில் இவை மாட்டப்பட்டால் நாலு வீட்டுக்கு ஒரு வீடு என்று கணக்கு. யாருடைய படத்துக்கு யாருடைய படம் ஜோடி என்று தேடிப் போகிற சாக்கில் பிள்ளைகள் நாலு வீட்டுக்குள் போய்வருவார்கள்.

வரைந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு விஷயம். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஒரு மணி நேரம் இதே கூடத்தில் உட்காரலாம் என்று சங்கத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள். வகுப்பு என்று சொல்ல மாட்டேன். சும்மா உட்காரலாம். ஒரு முழுத் தாள் வாங்கினால் 16 பேருக்கு ஆளுக்கு ஒரு ஜோடி வரும். தாள் என் பொறுப்பு. நீங்கள் ஒரு பழைய டம்ளர், ஒரு கந்தல் துணி, எட்டாம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒன்று கொண்டுவந்தால் போதும். “எனக்கு வரையவே வராது” என்பவர்கள் கட்டாயம் வர வேண்டும். வயது வரம்பில்லை. வீல்சேரில் வர வேண்டியவர்களுக்குப் பின்பக்கச் சாய்வுப் பாதையைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

விதிகள் மூன்றுதான். பென்சில் கூடாது. முதல் படத்தைப் பார்த்து இரண்டாவதை வரையக் கூடாது, ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். தாளில் கொஞ்சம் வெள்ளை மீதி இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

முதல் படம் காயும் நேரத்தில் பேசிக்கொண்டிருக்கலாம்.